பார்த்துச் செய்யுங்கண்ணே

நெடுமரக்குளம்
19.1.2003

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை வழக்கம்போல ரூமில் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து பிரிக்காதீர்கள். தனியாகப் போய்ப் படியுங்கள்.

உங்கள் ரூம் ஆள் அருள்ராஜ் அண்ணன் கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது நீங்கள் கொடுத்துவிட்ட பையோடு நம் வீட்டுக்கு வந்தார் அல்லவா? லீவில் வருகிற ஆள் ரூம்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சாமானைக் கொடுத்து, ஒரு வாய் சாப்பிட்டு, வீட்டு ஆட்களைப் போட்டோ பிடித்துக்கொண்டு திரும்புவது உங்கள் கேம்ப் வழக்கம். அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இந்த ஊருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சாப்பிட்டு முடித்ததும் அவர் கூச்சப்பட்டுக்கொண்டே, “துரை ஒண்ணு கேட்டுவிட்டிருக்கான் தங்கச்சி. நீங்க தலைவர் சேர்ல உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணுமாம். பேனாவைப் பிடிச்சுக் கையெழுத்துப் போடுற மாதிரி இருக்கணுமாம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்து ஒரு வருசத்துக்கு மேலாகியும் அந்த நாற்காலியில் என்னை நீங்கள் பார்த்ததில்லையே என்று பாவமாகவும் இருந்தது. சாயங்காலம் ஆகிவிட்டது, கிளார்க் பூட்டிவிட்டுப் போய்விட்டார். என்னிடம் ஒரு சாவி இருக்கிறதே, போய் ஆபீசைத் திறந்தேன். தெருப் பிள்ளைகள் ஜன்னலையும் வாசலையும் அடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். “கதவைச் சாத்துங்கண்ணே, இதுகளும் போட்டோவுல விழுகும்” என்று சொன்னது நான்தான். படம் எடுத்துவிட்டு வெளியே வரும்போது சிரித்துக்கொண்டு வந்ததும் நான்தான்.

வெளியே யார் நின்றார் தெரியுமா? துணைத்தலைவர் உமாபதி. கண்மாய்க் கருவேல மரத்தை அவர் மச்சினனுக்குத் தூக்கிக் கொடுக்காமல் தண்டோரா போட்டு ஏலம் விட்டேன் அல்லவா, அன்றையிலிருந்து என் பின்னாலேயே திரிகிற ஆள். அன்றைக்கு மட்டும் “வாங்க தலைவரே” என்று கும்பிடுகூடப் போட்டார்.

இப்போது டீக்கடை, ரேஷன் கடை, பம்புசெட்டு எல்லா இடத்திலும் அதே பேச்சு. புருஷன் வெளிநாட்டில், பொம்பளை ஆபீசைப் பூட்டிக்கொண்டு அந்நியனோடு இருந்தாள். பொங்கல் முடிந்த மறுநாள் மெம்பர்கள் கையெழுத்துப் போட்டு கலெக்டரிடம் மனுக் கொடுத்துவிட்டார்கள். தலைவர் பதவியின் கண்ணியத்தைக் கெடுத்தேனாம், அலுவலகத்தைத் தகாத காரியத்துக்குப் பயன்படுத்தினேனாம், என்னை நீக்க வேண்டுமாம். இதை எழுதுவது பயத்தில் இல்லை மச்சான், ஆத்திரத்தில்.

உங்கள் அண்ணன் வீட்டு போனில் இதையெல்லாம் பேச முடியாது. நடுக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள், நான் ரிசீவரை எடுத்தாலே எல்லாரும் டிவியைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம். உடனே பதில் போடுங்கள்.

நாகஜோதி

*

யான்பு
சவூதி அரேபியா
6.2.2003

அன்புள்ள ஜோதி,

நீ சொன்னபடி தனியாகத்தான் படித்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன்.

உன்மேல் எனக்கு ஒரு பொட்டுச் சந்தேகம் கிடையாது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். அந்தப் போட்டோ என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. துண்டு போட்ட நாற்காலி, உன் கையில் பேனா, பின்னால் காந்தி படம். டூட்டிக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். ரூமில் எல்லாரும், “என்னப்பா, தலைவர் வீட்டுக்காரரே” என்று கேலி பண்ணுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது அதே ஆட்கள் கேலி பண்ணாமல் சும்மா இருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் போனில் கேட்டுவிட்டு வந்து கேம்ப் முழுக்கப் பரப்பிவிட்டான்.

அருள்ராஜ் கேட்டதும் அழுதுவிட்டான். “நான் உங்க அண்ணன்கிட்ட பேசட்டுமா?” என்றான். நீ பேசினால் இன்னும் மோசமாகும், சும்மா இரு என்றேன். மறுநாளே கேம்ப் பாஸிடம் கேட்டு வேறு ரூமுக்கு மாறிப் போய்விட்டான். அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் சைட்டில் ஒரு பிலிப்பைன்ஸ்கார ஃபோர்மேன் இருக்கிறான், நல்ல மனுசன். என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து என்ன பாய் என்று கேட்டான். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவன் நாட்டு ஜனாதிபதிமேல்கூட விசாரணை வைத்தார்களாம், அது பாதியில் நின்றதும் ஜனங்கள் தெருவுக்கு வந்து இறக்கிவிட்டார்களாம். அதற்கு முன்னால் அமெரிக்க ஜனாதிபதிமேல் பெண் விவகாரத்தில் பெரிய விசாரணை நடந்ததாம், உலகமே டிவியில் பார்த்ததாம், கடைசியில் அவர் தப்பித்துப் பதவியிலேயே இருந்தாராம். பார், அவ்வளவு பெரிய ஆட்களுக்கே இப்படி வருகிறது. நமக்கு வந்தால் என்ன, மனசை விட்டுவிடாதே.

லீவு கேட்டேன். ரிஃபைனரியில் மெயின்டெனன்ஸ் ஆரம்பிக்கப்போகிறதாம், அது முடிகிறவரை “மாஃபி லீவ், கலாஸ்”, லீவே கிடையாது என்று சூப்பர்வைசர் முடித்துவிட்டான். பாஸ்போர்ட் முதலாளி கஃபீலிடம் இருக்கிறது, நான் என்ன செய்ய.

ஒன்று சொன்னால் கோபப்படாதே. உனக்கு ரொம்ப மனக்கஷ்டமாக இருந்தால் நீயே எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டால் என்ன? நம் பிள்ளை அகிலாவுக்கும் விவரம் தெரிகிற வயசு. யோசித்துப் பார்.

உன்
பாண்டித்துரை

*

நெடுமரக்குளம்
21.2.2003

மச்சானுக்கு,

கோபப்படாதே என்று எழுதிவிட்டால் கோபம் வராதா?

எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? ஆமாம் நான் போனேன், ஆமாம் நான் படுத்தேன் என்று அர்த்தம். இப்படிப் பச்சையாக எழுதுகிறேன் என்று முகம் சுளிக்காதீர்கள். ஊர் என் முகத்துக்கு நேராகவே பேசுகிறது, காகிதத்தில் எழுதினால் என்ன? அகிலாவுக்காக ஒதுங்கச் சொல்கிறீர்கள். அகிலாவிடம் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி கேட்டிருக்கிறாள், “உங்க அம்மாவுக்கு ரெண்டு வீட்டுக்காரராடீ?” என்று. அவளுக்காகத்தான் ஒதுங்க மாட்டேன் என்கிறேன்.

அப்புறம் அந்த அமெரிக்க ஜனாதிபதி கதை. அவர் செய்துவிட்டுத் தப்பித்தார். நான் செய்யாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர் பெண்டாட்டி என்ன செய்தார் என்று உங்கள் ஃபோர்மேனிடம் கேட்டீர்களா? எனக்குத் தெரியும், அப்போது பேப்பரில் போட்டோ வந்தது. அந்த அம்மா அவர் பக்கத்திலேயே நின்றார். நிஜமாகவே தப்புச் செய்த புருஷன் பக்கத்தில், உலகம் பார்க்க நின்றார். என் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், சொல்லுங்கள் பார்க்கலாம்.

கலெக்டர் நோட்டீஸ் வந்து, விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மார்ச் 27-ந் தேதி தாசில்தார் நம் ஊருக்கே வந்து கூட்டம் போடுகிறார். மனுவையும் என் விளக்கத்தையும் வாசித்து, என்னை நீக்கலாம் என்கிற மெம்பர்களைக் கை தூக்கச் சொல்லி, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி கலெக்டருக்கு அனுப்புவார். மற்ற மெம்பர்கள் உமாபதி பக்கம் போய்விட்டார்கள், அவர்களைப் பற்றிக் கவலையில்லை, அவர்களுக்குக் கருவேலமரக் கோபம் என்று கலெக்டருக்கே தெரியும். எனக்கு வேண்டியது மெம்பராக இருக்கிற உங்கள் அண்ணி வடிவு அக்கா ஒரு ஆள். அவர் இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. புருஷன் வீட்டு ஆளே இவளோடு நிற்கிறாள் என்றால் கதை பொய் என்று கலெக்டருக்குப் புரியும். அக்காவும் கை தூக்கிவிட்டால் அத்தோடு முடிந்தது.

அக்கா தானாக எதுவும் செய்ய மாட்டார், உங்கள் அண்ணன் சொல்வதைத்தான் செய்வார். உங்கள் அண்ணனிடம் நானே போய்ச் சொல்லிப் பார்த்தேன். “அவர்தான் போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னாராம்” என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “எந்தம்பி அப்படியெல்லாம் கேக்குற ஆளு இல்லையேம்மா. அவன் வாயால சொல்லட்டும், நான் ஊரையே எதுத்து நிக்கிறேன்.” அவர் கெட்டவர் இல்லை மச்சான். உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறார்.

அதனால் எனக்கு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அண்ணனுக்கு போன் போட்டு, “அருள்ராஜை அனுப்பினது நான், போட்டோ எடுக்கச் சொன்னதும் நான்” என்று சொல்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம். நீங்கள் வர முடியாது என்று தெரியும், நான் அழவில்லை. இதையாவது செய்யுங்கள்.

ஜோதி

*

யான்பு
12.3.2003

அன்புள்ள ஜோதி,

நம் மாவட்டத்து ஆள் ஒருவர் வேலையை முடித்துக்கொண்டு எக்சிட்டில் ஊருக்கு வருகிறார். கூட்டத்துக்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று அவரிடம் கெஞ்சிக் கொடுத்துவிடுகிறேன். ஈராக்கில் சண்டை வரப்போகிறது என்று இங்கே ஒரே பேச்சு. தபால் எப்போது போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

தாசில்தாருக்கு ஒரு வாக்குமூலம் எழுதி அனுப்பலாமா என்று பார்த்தேன். சும்மா எழுதினால் செல்லாது, ஜித்தாவில் நம் தூதரக ஆபீசுக்குப் போய் முத்திரை வாங்க வேண்டும் என்கிறார்கள். யான்புவை விட்டு வெளியே போக கம்பெனி லெட்டர் வேண்டும். மெயின்டெனன்ஸ் முடிந்து பார்க்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். சுவரில் போய் முட்டுகிற மாதிரிதான் இருக்கிறது எதைச் செய்தாலும்.

ஆனால் நீ கேட்டதைச் செய்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை அண்ணனிடம் பேசிவிட்டேன்.

போன் பூத்தில் எனக்குப் பின்னால் நீளமாக வரிசை. எல்லாம் தெரிந்த முகம். அண்ணன் எடுத்ததும் என் உடம்பை விசாரித்தார், இருமல் போய்விட்டதா என்றார். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்து, ஏஜென்டைப் பார்த்து, விமானம் ஏற்றிவிட்டு, உன்னைப் பெண் பார்த்ததுகூட அவர்தானே. அவர் முன்னால் நான் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது, உனக்கே தெரியும். அவரே பேச்சை எடுத்தார். நானும் பேசினேன். அண்ணன் பொறுப்பில் விட்டிருக்கிறேன். அவர் நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார். நீ பயப்படாதே.

கூட்டத்தில் தைரியமாக எழுந்து, “என் வீட்டுக்காரரைக் கேளுங்கள்” என்று சொல். நீ நின்றால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். அன்றைக்கு எனக்கு டூட்டி இருந்தாலும் மனசெல்லாம் அங்கேதான் இருக்கும்.

அகிலாவுக்கு ஒரு பென்சில் பெட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன். நாம் ஜெயித்தால் ரூமில் எல்லாருக்கும் கேசரி கிண்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அருள்ராஜையும் கூப்பிடுவேன்.

உன்
பாண்டித்துரை

*

நெடுமரக்குளம்
30.3.2003

பாண்டித்துரை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கூட்டத்துக்கு முதல் நாள் கிடைத்தது. படித்துவிட்டு எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்று எழுதினால் இப்போது வெட்கமாக இருக்கிறது. தலைக்குக் குளித்து, நீங்கள் அனுப்பிய பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, நானே போய் ஆபீசைப் பெருக்கி, தாசில்தாருக்கு மேஜை துடைத்து வைத்தேன். ஊரே வாசலில் நின்றது.

தாசில்தார் மனுவை வாசித்தார். “அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு” என்ற இடத்தில் வெளியே சிரித்தார்கள். அவர் அதட்டினார். பிறகு என் விளக்கத்தை வாசித்தார். “வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று என்னைக் கேட்டார். எழுந்து நின்றேன். நீங்கள் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். “எங்க வீட்டுக்காரர்தான் அந்த ஆளை அனுப்பினார். அவர்தான் போட்டோ கேட்டார். சந்தேகம் இருந்தா அவரைக் கேளுங்க. அவரோட அண்ணி இங்கயே இருக்காங்க, எங்க வீட்டுக்காரர் போன்ல சொன்னதை அவங்களே சொல்வாங்க.” எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் தெரியுமா? வாசலில் கடைசியில் நின்ற உங்கள் அண்ணனுக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னேன்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் மெதுவாக, “கேட்டாச்சு ஜோதி” என்றார்.

“கேட்டாச்சு. ஜோதி விசயத்துல என்ன செய்யட்டும்ப்பான்டு அவுக கேட்டாகளாம். நீங்க பாத்துச் செய்யுங்கண்ணேன்டு தம்பி சொல்லிருச்சாம். வேற ஒரு வார்த்த சொல்லலையாம். கட்டுனவனே கைய விரிச்சுட்டான், நம்ம எப்படி முட்டுக்கொடுக்கன்டு அவுக ராத்திரியெல்லாம் உக்காந்து அழுதாக.”

சொல்லிவிட்டு அக்கா கையைத் தூக்கினார். அழுதுகொண்டேதான் தூக்கினார். தாசில்தார் எழுதிக்கொண்டார். உமாபதிகூடச் சிரிக்கவில்லை. இவ்வளவு எளிதாக முடியும் என்று அவரே நினைக்கவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அண்ணனிடம் பேசிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் பொறுப்பில் விட்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டோ கேட்டது நான்தான் என்று சொன்னதாக எங்கேயும் எழுதவில்லை. அவசரத்தில் நானாகச் சேர்த்துப் படித்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? பெண்டாட்டி போட்டோ வேண்டும் என்று கேட்டதை அண்ணனிடம் சொல்ல வெட்கமா? அவர்முன்னால் என் பேரைச் சொல்லவே கூசுகிறவர், என் படம் வேண்டும் என்று ஆசைப்பட்டதை எப்படிச் சொல்வார் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். உங்களுக்கு வெட்கம் தாங்க முடியாமல் போன அந்த ஒரு நிமிசத்துக்கு நான் ஊருக்கு முன்னால் நின்று பதில் சொன்னேன்.

கலெக்டர் உத்தரவு வருகிறவரைக்கும் நான்தான் தலைவராம், தாசில்தார் சொல்லிவிட்டுப் போனார். வந்துவிடும். அதற்குள் செய்ய ஒன்றும் இல்லை. அகிலாவை என் அம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறேன், நானும் அங்கேயே இருப்பேன். பூட்டிவிட்டு வீட்டுச் சாவியை உங்கள் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் பார்த்துச் செய்வார்.

பதவி போகப்போகிறதே என்று நான் அழவில்லை. ஊர் பேசியதற்கும் அழவில்லை. கேட்டாச்சு ஜோதி என்று அக்கா சொன்னாரே, அதற்குத்தான் அழுகிறேன்.

நாகஜோதி

*

யான்பு
18.4.2003

ஜோதி,

இதை உன் அம்மா ஊர் விலாசத்துக்குப் போடுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

நீ எழுதியதெல்லாம் சரி. வெட்கம்தான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்ணே, போட்டோ கேட்டது நான்தான் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் பூத்துக்குள் போனேன். பின்னால் வரிசையில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அண்ணன் “என்னப்பா செய்யட்டும்?” என்றதும் எப்போதும் வருகிற வார்த்தை வந்துவிட்டது. நிலம் வாங்கினபோது, உன் பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டபோது, அகிலாவுக்குக் காது குத்தினபோது, இத்தனை வருசமும் நான் இங்கிருந்து சொன்னது அது ஒன்றுதான். வேறு என்ன சொல்ல முடியும் இங்கே இருந்துகொண்டு? அதைக் கேட்டு அவர் எல்லாவற்றையும் நல்லபடியாகத்தான் செய்து வைத்தார். இதையும் அப்படியே செய்வார் என்று நம்பிவிட்டேன். அவர் நான் உன்னைக் கைவிட்டதாக நினைப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உன் கடிதம் வந்த அன்றைக்கு அருள்ராஜ் ரூமுக்குப் போய்ப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவன் என்னைத் திட்டவில்லை. “எழுந்திரி, வா, இப்பவே போன் பண்ணு. நான் பக்கத்துல நிக்கிறேன்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். வரிசையில் நின்றவர்களை எல்லாம் அவனே தள்ளி நிற்கச் சொன்னான். கலெக்டர் உத்தரவுதான் இன்னும் வரவில்லையே, அண்ணனே போய்ச் சொன்னால் ஒருவேளை ஏதாவது நடக்கும் என்று எனக்கும் ஆசை வந்தது.

அண்ணன்தான் எடுத்தார். “அண்ணே, அந்தப் போட்டோ விசயம்...” என்று ஆரம்பித்தேன். நிஜமாக ஆரம்பித்தேன் ஜோதி, அருள்ராஜைக் கேட்டுப் பார்.

அவர் குரல் உடைந்துபோய், “விடுப்பா. அத இனிமே பேச வேணாம். ஒனக்கு அசிங்கமா இருக்கும், எனக்குத் தெரியும். நீ அங்க மனசு ஒடிஞ்சு போயிராத. ஒன் பொண்டாட்டி வீட்டப் பூட்டிச் சாவியக் குடுத்துட்டுப் போயிருச்சு. வீடு சும்மாதான கெடக்கு, வாடகைக்கு விட்டுறவா?” என்றார்.

அருள்ராஜ் என் தோளைப் பிடித்து உலுக்கினான். “சொல்லுடா, சொல்லுடா” என்றான். வாயைத் திறந்தேன்.

“நீங்க பார்த்துச் செய்யுங்கண்ணே” என்றுதான் வந்தது.

பாண்டித்துரை